எருக்குழியில் மரத்தூள்

நன்றாக மக்கிய எருவுக்கு நாற்றம் கிடையாது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். முகத்தருகே கொண்டுபோனால் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். அந்த வாசனை வரும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் அயனம்பாக்கம் ஏரிக்கரையோரம் அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டுவந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்காவின் குத்தகை நிலம். புருஷனை இழந்தவர், தனி ஆள்; அந்தக் கீரைதான் அவருக்குச் சோறு. இரண்டு பக்கமும் ஒரே ஏரித் தண்ணீர்தான் பாய்ந்தது. ஆனாலும் அவருடைய சிறுகீரை கரும்பச்சையாக நிற்கும், எங்களுடையது சோகை பிடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். "மண்ணுக்கும் பசிக்கும் நைனா, நாமதான் பாத்துப் போடணும்" என்பார் அக்கா. நிலத்தின் மூலையில் வெட்டிய குழியில் சாணம், அடுப்புச் சாம்பல், கீரைத் தண்டு என்று வருஷம் முழுக்க அடுக்கிக்கொண்டே வருவார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏரி நண்டு வாங்கிக் குழம்பு வைப்பார். அந்த ஓடுகளும் குழிக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் நண்டு வாங்குவதில்லை. வாசனை பட்டாலே அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

எங்கள் நிலத்துக்கு எரு சேர்ப்பது என் வேலை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த என் கையில் அப்பா ஒரு கூடையைக் கொடுத்து, திருவேற்காடு ரோட்டில் மாடுகள் போகும் பக்கமாகப் போய்ச் சாணி பொறுக்கிவரச் சொன்னார். சாணியில் எனக்கு அருவருப்பில்லை. ஆனால் என்னோடு படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு அந்த ரோட்டில்தான் போனார்கள். ஒருநாள் ஒருவன் என் கூடையைக் காட்டி, "டேய், இவன் டிபன் பாக்ஸப் பாரேன், இம்மாம் பெருசா கீது!" என்று கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பிறவிக் கூச்சக்காரன். மறுநாளிலிருந்து ரோட்டுப் பக்கமே போகவில்லை.

அக்கா கீரைக்கட்டுகளோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் காலை நேரமாகப் பார்த்து, அவருடைய குழியின் பக்கவாட்டில் தோண்டி, அடியில் மக்கிக் கிடந்த கறுப்பு எருவை அள்ளி எங்கள் குவியலில் கொட்டினேன். நாலைந்து நாளில் மேலடுக்கு உள்வாங்கத் தொடங்கியது. பயந்துபோய், பக்கத்து மரவாடியில் சும்மா கிடைத்த மரத்தூளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பொந்துக்குள் திணித்து, வாயைச் சாணத்தால் பூசிவிட்டேன். மரம்தானே, அதுவும் மக்கி எருவாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கோடை முழுக்க அப்படியே நடந்தது. "எம்புள்ள இப்பத்தான் பொறுப்பா கீறான்" என்று அப்பா அக்காவிடமே பெருமையாகச் சொன்னபோது, நான் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் கூலிக்கு வந்த ஆள் குழியைப் பிரித்து எருவை இறைத்தார். ஊறிக் கறுத்துப்போயிருந்த தூள் அவர் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது கொத்தி மண்ணோடு கலந்தாகிவிட்டது. முளைத்த கீரை இரண்டு இலை விட்டதுமே மஞ்சளாயிற்று. மரத்தூள் தான் மக்குவதற்காக மண்ணில் இருக்கும் சத்தை முதலில் இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது என்பது பல வருஷம் கழித்து ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா மறுபடியும் விதைத்தார். மறுபடியும் மஞ்சள். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் கீரை வெயிலில் பளபளத்தது.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்டா அந்தம்மா. நம்ம குமியில மீந்தத ரெண்டு கூடை கொண்டுபோயி குடு" என்றார். தலையில் சுமந்துகொண்டு போய் அக்காவின் முன்னால் இறக்கினேன்.

அவர் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு அதிலிருந்து வெளுத்துப்போன ஒரு நண்டுக்காலைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்க ஊட்லயும் நண்டு துன்றீங்களா, நைனா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

"சரி, வெச்சுட்டுப் போ" என்றார்.

அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு அடியோடு தீர்ந்திருக்கும். தை பிறப்பதற்குள் குத்தகையை விட்டுவிட்டுப் பூந்தமல்லியில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். போகிற அன்று தன் மண்வெட்டியை எங்கள் வரப்பில் வைத்து, "புள்ளைக்கு ஒதவும்" என்று அப்பாவிடம் சொன்னாராம். நான் அப்போது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

இப்போது அங்கே பாத்தியும் இல்லை, மரவாடியும் இல்லை. ஏரி இருக்கிறது; அதைப் பார்த்தபடி மாடி வீடுகள் நிற்கின்றன. அக்காவின் குழி எந்த வீட்டுக்குக் கீழே போயிற்றோ. அவர் இருக்கிறாரா என்று விசாரிக்கவும் நான் துணியவில்லை.

நர்சரிக்கு மாதம் ஒரு லோடு எரு மூட்டையில் வருகிறது. முதலாளி மேலாகப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்வார். நான் மட்டும் ஒவ்வொரு மூட்டையிலும் தோள்வரை கையை விட்டு, அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பேன். "இன்னா அண்ணாத்தே, யாரையுமே நம்பமாட்டியா நீ?" என்று லாரி டிரைவர் கேலி செய்கிறார். நான் அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்க்கிறேன்.