ஒரே பெயருக்கு இரண்டு அர்ச்சனை

அத்தைக்கு மெல்பர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை கிடைத்துவிட்டது, விசாதான் பாக்கி. அன்றிலிருந்து எங்கள் கிள்ளான் வீட்டில் பக்தி முற்றிவிட்டது. அத்தை கோழி சாப்பிடுவதை விட்டார். தைப்பூசத்துக்கு மட்டும் கோயில் பக்கம் போகும் அப்பா, தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூச ஆரம்பித்தார். தங்கைக்காக இப்படி உருகுகிறாரே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா என்னை மட்டும் ரயிலேற்றி பிரிக்பீல்ட்ஸ் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனார். வீட்டுப் பக்கத்திலேயே கோயில் இருக்க, எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"உங்க அத்தை டெய்லி அங்கதான் விசா கேக்குறா. அதே சாமிகிட்ட போயி, குடுக்காதேன்னு நான் கேட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

அர்ச்சனைத் தட்டோடு சன்னதிக்குப் போனால், அங்கே இன்னொரு தட்டோடு அத்தை!

"இந்தப் பிள்ளையார் விசாவுக்கு ராசின்னு சொன்னாங்க லா. நீங்க எங்கண்ணே இங்க?"

"உனக்காகத்தான்," என்றார் அப்பா. அதில் பொய் இல்லை. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். இரண்டு தட்டுக்கும் ஒரே பெயர், ஒரே ரோகிணி. "ஒரே வேண்டுதல்தானே? சேர்த்தே பண்ணிடறேன்."

"இல்ல ஐயரே, அப்பா போகக் கூடாதுன்னு கேக்குறாரு," என்று நான்தான் திருத்தினேன்.

"அண்ணே!" அத்தையின் குரலில் பிள்ளையாரே திடுக்கிட்டிருப்பார். "நீங்க கேட்டு, சாமி அதைக் கேட்டுட்டா என் கதி என்னா?"

"ஏன், கிள்ளான்ல நோயாளியே இல்லையா? இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? ஐயரே, நீங்களே சொல்லுங்க. போக வேணாம்னு சாமிகிட்ட அழுத்திச் சொல்லுங்க!"

குருக்கள் சிரித்தார். "அந்த வேண்டுதல் பலிச்சிருந்தா நான் இங்க நின்னுண்டிருக்க மாட்டேன் சார். எங்கம்மா ஊர்ல இதையேதான் வேண்டிண்டா."

நல்ல வேடிக்கை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் அத்தையும் சிரிக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அப்பா. குருக்கள் கற்பூரம் தேடுவதில் மும்முரமாகிவிட்டார்.

அப்பா தன் தட்டை அத்தையின் தட்டோடு சேர்த்து வைத்தார். "ஒரே அர்ச்சனைதான் ஐயரே. விசா வரட்டும்."

அத்தை ஏன் அப்படி விம்மி விம்மி அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்டதையேதான் அப்பாவும் கேட்டுவிட்டாரே. வீடு வரைக்கும் ரயிலில் என் கவலையெல்லாம், ஒரே வேண்டுதலுக்கு இரண்டு தேங்காய் போய்விட்டதே என்பதுதான்.