மெட்ராஸ் நரம்பு

போர்ட் பிளேரில் கரையில் நின்று தூண்டில் போட, "இந்தக் கடலுக்கு இதுதான் தாங்கும்" என்று கடைக்காரர் தடித்த நைலான் நரம்பை எடுத்துப் போட்டார். என் கணவருக்கு மெட்ராஸ் கப்பலில் வந்தால்தான் சாமான். ஊர் ஏரியில் கெண்டை பிடித்த அதே மெல்லிய நரம்பை வரவழைத்தார். அந்தத் தெம்பில், பெங்காலி வீடு உட்பட குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் மீன் சாப்பாட்டுக்கு அழைத்தும் விட்டார். நான் கை எரிய மிளகாய் அரைத்து வைத்தேன்.

கொடுவா ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"முரட்டு மீன்" என்றார், வெறுங்கையோடு வந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்ச நரம்பைப் பிடுங்கி வாசலில் கொடி கட்டி, அவருடைய ஈரப் பேன்ட்டைப் போட்டேன். அதற்கே அறுந்தது. சாப்பிட வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பேன்ட்டை மண்ணிலேயே கிடக்க விட்டேன்.