மழைக்குக் கழற்றி வைத்த துருக்கித் தொப்பி

ஆமினா மாமி போய்விட்டார்.

காலையில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அவர் தங்கையின் பேரன் ரிஸ்வி போனில் கோல் எடுத்தான். நூறை நெருங்கிய வயசுதான்... ஆனாலும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மகள் சின்னவளாக இருந்தபோது நாங்கள் வாடகைக்கு இருந்தது மாமி வீட்டு மேல்மாடியில். என் தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டி முழுக்கத் தேடியும் அளவான ஹெல்மெட் கிடைக்காத மொட்டை. "அப்பாவுக்குச் சோத்துப்பானைதான் சரி" என்பாள் மகள்.

மாமியின் அலுமாரி மேல் ஒரு பித்தளை அச்சு. அதில் கவிழ்த்த சிவப்புத் துருக்கித் தொப்பி, கறுப்புக் குஞ்சத்தோடு. வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடைத்து, மறுபடி அச்சில் மாட்டுவார்.

அவர் புருஷனுடையது.

முப்பதுகளில், மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷம். கலியாணமாகிச் சில கிழமைதான். கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புடவை விற்கப் புறப்பட்டவர், மழையில் தொப்பி உருக்குலைந்துவிடும் என்று அதை அச்சில் மாட்டிவிட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு இறங்கினாராம்... அவ்வளவுதான். மய்யித்தாக உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

"ஆள் எப்படி இருப்பார் மாமி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொகம் தெரியா மகன். கலியாணத்துக்கு முந்தி வாப்பாட வீட்டு மேல் ஜன்னலால பாப்பேன். ரோட்டுல தலைதானே தெரியும்... கங்காணிமார்ட தலைப்பா, தொரைமார்ட தொப்பி, பெரஹரா ஊர்வலத்துல வார நிலமேமார்ட மூலை வச்ச தொப்பி. அதுக்குள்ள இவர்ட செவப்பு. பொறகும் வெக்கத்துல நிமிந்து பாக்கல்ல. தலைட அளவு மட்டும் கையில ஈக்குது."

கொஞ்சம் கழித்து, "மறுமையில எப்படி மகன் அடையாளம் புடிக்கிறது?" என்றார்.



ஒரு பெருநாளன்று, மகளைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்தத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தேன். ஏறவே ஏறாது என்றுதான் நினைத்தேன்.

எனக்கென்றே செய்த மாதிரி இறங்கி உட்கார்ந்தது.

மகள் சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை. கிட்ட வந்து, தொப்பியோடு என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்... நெடுநேரம்.

"இப்படித்தான் ஈந்திருப்பாரோ" என்றார். என்னிடம் அல்ல.

அதற்குப் பிறகு, மழை நாளில் நான் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வேலையால் வரும்போதெல்லாம் கீழ்க்கதவு திறக்கும்.

"நீங்களா மகன்" என்பார். மூடிக்கொள்வார்.

இன்று ஜனாஸா வீட்டில், அடக்கம் முடிந்ததும், ரிஸ்வி தொப்பியை என் கையில் தந்தான். "ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லி வச்சீந்தாங்க அங்கிள்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். தலையில் வைத்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

இங்கே மழை பிடித்திருக்கிறது.

போய் வாங்க மாமி. துவாய் கட்டின தலையோடு ஒருத்தர் வருவார்... இந்தத் தடவை நிமிர்ந்து பாருங்க.