வெறும் பச்சை

போன வாரம் என் தலையில் ஒரு ஹெல்மெட் மாட்டினார்கள். வண்டி ஓட்டுவதற்கு அல்ல... நடப்பதற்கு!

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் மாலதி, ஆராய்ச்சி மாணவி. நடந்துகொண்டிருக்கும்போது, கண் பார்த்ததை மனசு எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வருஷக்கணக்கில் தங்கும் ஞாபகம் இல்லை. டைரியில் நம்பரைப் பார்த்துவிட்டு டயல் செய்து முடிக்கிற வரை தங்குமே, அந்தச் சில விநாடி ஞாபகம். அதைச் சோதிக்க, வயசான ஆள் ஒருவர் வேண்டுமாம். 'வயசான' என்றதை மன்னித்து, அவளுடைய லேபுக்குப் போனேன்.

ஹெல்மெட்டுக்குள் இரண்டு குட்டித் திரைகள். போட்டதும் லேப் காணாமல் போய், வேறொரு அறை வந்துவிட்டது. தலையைத் திருப்பினால் அறையும் திரும்புகிறது! பொய் என்று தெரிந்தும், எதிரே இருந்த மேஜையில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கினேன்.

மேஜைமேல் நான்கு பந்துகள். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். திரும்பி வரும்போது ஒன்றின் கலர் மாறியிருக்கும். எந்தப் பந்து, முன்பு என்ன கலர் – இதைச் சொல்ல வேண்டும்.

முதலில் நின்றபடி. விளாசித் தள்ளினேன். "ரெண்டாவது பந்து. வெங்காயக் கலர்."

மாலதி சிரித்துவிட்டாள். "அங்கிள், எங்கிட்ட ஆறு கலர்தான் இருக்கு. ரோஸுன்னு போட்டுக்கட்டா?"

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. என் மனைவி சரோஜா, நேரு வீதியில் ஒரு புடவைக் கடையில் இருபது வருஷம் சேல்ஸில் இருந்தவள். அவளிடம் போய் சிவப்பு, மஞ்சள் என்று சொன்னால் முறைப்பாள். அரக்கு, மாம்பழம், கத்திரிப்பூ, வெங்காயம்... கிட்டத்தட்ட காய்கறி மார்க்கெட்டே எங்கள் பீரோவில் இருந்தது.

அடுத்து, நடந்தபடி. ஹெல்மெட்டின் வயர் காலில் சிக்காமல் மாலதி பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். பந்துகள் வந்தன, மறைந்தன, மறுபடி வந்தன. எது மாறியது என்று கேட்டாள். நான் காலைக் கவனிப்பேனா, பந்தைக் கவனிப்பேனா?

"பச்சை" என்றேன்.

"அதுல பச்சையே இல்லையே, அங்கிள்."

அப்படியே நின்றுவிட்டேன். இதே பதிலை, இதே அசட்டையோடு, நான் முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு, பீச் ரோட்டில். இருவருக்கும் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. வழக்கம்போல நான் இரண்டடி முன்னால். பின்னாலிருந்து சரோஜா கேட்டாள். "ஏங்க, இந்தப் புடவை இன்னா கலருன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஏதோ பச்சை கண்ணில் பட்டிருந்தது. திரும்பாமலே "பச்சை" என்றேன்.

"வெறும் பச்சையா? இருவது வருசமா இதான் கத்துக்கினீங்களா? நாளைக்குச் சொல்றேன், போங்க."

மறுநாள் விடியற்காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

வந்திருந்த சொந்தக்காரர்கள், துவைக்கக் கிடந்ததை எல்லாம் துவைத்து, மடித்து, பீரோவில் வைத்துவிட்டார்கள். அங்கே பச்சையில் மட்டும் எட்டுப் புடவைகள். அன்றைக்குக் கட்டியிருந்தது எது? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று எதிரே ஒரு சொல்தா வந்தார் – பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 'போன்சுவார்' என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்லி அவர் தூக்கிய தொப்பி பழுப்பு கலர். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது! அவருக்காக நின்றேனே...

கவனித்திருக்கிறீர்களா? ஊரார் என்றால் நின்று, முகம் பார்த்துப் பேசுகிறோம். வீட்டு ஆளுக்கு மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, இரண்டடி முன்னால் நடந்துகொண்டே பதில். அதான் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாமே!

மாலதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஹெல்மெட்டுக்குள் பீச் ரோட்டைக் கொண்டுவந்து என்னை மறுபடி நடக்கவிட்டால், அந்தப் புடவை ஞாபகம் வருமா என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். ஆனால் ஆசையோடு கேட்டேன்.

வயரைச் சுற்றி வைத்தாள். பிறகு சொன்னாள்: "பாத்து மறந்திருந்தா ஏதாச்சும் வழி இருக்கலாம், அங்கிள். நீங்க பாக்கவே இல்லியே."

வலித்தது. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நல்ல பெண்.

சனிக்கிழமை எட்டுப் புடவைகளையும் ஒரு கட்டைப்பையில் போட்டு, சரோஜா வேலை பார்த்த கடைக்கு எடுத்துப் போனேன். அவளோடு கூட இருந்த விஜயா, ஒவ்வொன்றாக கவுன்ட்டரில் பிரித்துப் பேர் சொன்னாள். கிளிப்பச்சை. பாசிப்பச்சை. ராமர் பச்சை. பிஸ்தா. பாட்டில் கிரீன். மருதாணி. இலைப்பச்சை. மயில் கழுத்து. எட்டுக்கும் எட்டுப் பேர். ஒன்றுக்குக்கூட வெறும் பச்சை என்று பேர் இல்லை.

அன்றைக்குக் கட்டியிருந்தது எது என்று விஜயாவுக்கும் தெரியவில்லை. அன்று சரோஜாவுக்கு லீவு.

எட்டுப் பேரையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பின்னாலிருந்து அந்தக் குரல் இன்னொரு தடவை கேட்காதா என்று ஏக்கமாக இருக்கிறது. பீச் ரோட்டில் இப்போதெல்லாம் அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் என்மேல் மோதிவிட்டுத் திட்டுகிறார்கள்.

நடந்துகொண்டே கேட்டாலும் எட்டையும் தப்பில்லாமல் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.