மொட்டை மாடிச் சாவி

டாலிகஞ்சில் எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் செயலாளர். மொட்டை மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கும். என் பத்து வயது மகளுக்கு அங்கே நின்று நட்சத்திரங்களை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். கீழ்வீட்டு சௌமென் டெலஸ்கோப் வாங்கும்வரை அவளுக்கு அது போதுமாயிருந்தது. அவரை வங்காளிப் பிள்ளைகளைப் போலக் 'காக்கு', அதாவது சித்தப்பா, என்பாள். பிறகு எதற்கெடுத்தாலும் "காக்கு சொன்னாரு"தான். எனக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி வந்த அன்று மாலை, சௌமென் சாவி கேட்டு வந்தார். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. "எங்கேயோ வச்சுட்டேன், தேடணும்" என்றேன்.

"பரவாயில்ல தாதா, தெருவுலயே பாக்கலாம்" என்று என்னை அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கடியில் டெலஸ்கோப், அதன் பின்னால் நீண்ட வரிசை. முதல் ஆளாக என் மகள். ஆனால் அவளும் பார்க்கவில்லை, வேறு யாரையும் பார்க்க விடவில்லை. ஏதோ சண்டை போலிருக்கிறது என்று உள்ளூர மகிழ்ந்தபடி இறங்கிப் போனேன்.

"எவ்ளோ நேரம்ப்பா! ஃபர்ஸ்ட் நீதான் பாக்கணும்னு காக்குகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

சௌமென் சிரித்தபடி விலகி இடம் விட்டார். நான் குனிந்தேன். பையிலிருந்த சாவி நழுவி அவள் காலடியில் விழுந்தது.

"காக்கு, சாவி கிடைச்சிடுச்சு!" என்று குதித்தாள்.

சௌமென் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அன்று எல்லோரும் செவ்வாயைத் தெளிவாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் மகளின் முகத்தைத்தான் நேராகப் பார்க்க முடியவில்லை.