அழகர்சாமிக்கு அமையாத வண்டி

“பானட்டு மேல கையை வைங்க. உள்ளங்கை இல்ல, புறங்கை. சூடா இருக்கா?” என்று அழகர்சாமி கைப்பேசியிடம் கேட்கிறார். மறுமுனையில், மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பழைய டிராக்டர் ஒன்றின் முன்னால் நிற்பவர், லேசாக வெதுவெதுப்பாக இருப்பதாகச் சொல்கிறார். “அப்ப கெளம்பிடுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கான். ராத்திரி பூரா ஆறிக் கெடந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆவுதுன்னு பாத்தாதான் உண்மை தெரியும்.” அவர் நன்றி சொல்வதற்குள் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குப் பின்னால் உள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஆறாவது மாடியில், தூணுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் அவர் குந்தியிருப்பார். கீழே லிட்டில் இந்தியாவில் ஞாயிறன்று தன் குரலே தனக்குக் கேட்காது. எஞ்சின் எங்கே கேட்கப்போகிறது? ஊரில் அப்போது மணி ஆறரை. எஞ்சின்கள் ஆறிக் கிடக்கும் நேரம். வண்டி வாங்கப் போகிறவர்கள் அவருக்குக் காணொளி அழைப்பு போடுவார்கள். அவர் இரண்டு காதிலும் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். காணொளி எதற்கு என்று கேட்டேன். “அவன் மூஞ்சியைப் பாக்க” என்றார். விற்கிறவன் மூஞ்சியைச் சொல்கிறார்.

எனக்கும் அவருக்கும் அறிமுகமானதே ஒரு அதட்டலில்தான். நான் காரை எடுக்கப் போனேன். “சார், ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணாதீங்க, வண்டி கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். ஆறாவது மாடியில் பெருமாள் கோயில் பூசை நடப்பதுபோல் நானும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நான் ஸ்டார்ட் செய்ததும், “ஒங்க காருல பெல்ட்டு கத்துது, பாத்துக்குங்க” என்று ஓசியில் ஒரு தீர்ப்பு. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெல்ட்டுதான். எனக்கு நிலமும் கிடையாது, வீட்டு நடைபாதையில் நாலு பூச்சட்டிக்கு மேல் வைத்தால் நகர மன்றம் கடிதம் போடும். ஆனாலும் அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் அந்த ஆறாவது மாடிக்குத்தான் போகிறேன்.

நத்தம் பக்கத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள். பாசிர் ரிஸ்ஸில் ஒரு நிறுவனத்துக்காகப் புல் வெட்டுகிறார், அதுவும் ஒரு குட்டி டிராக்டரின் மேல் உட்கார்ந்துதான். தினமும் காலையில் அதன் பானட்டிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். முந்தின நாள் மாலை அதை அணைத்துச் சாவியை ஒப்படைத்தவரே அவர்தான். மேற்பார்வையாளர் திலீப் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், ஒருமுறை பொறுக்கமுடியாமல், “அண்ணே, நைட்ல யாரு லா இதைத் திருடி ஜாலி ரைடு போகப் போறாங்க?” என்று கேட்டிருக்கிறார். இவர் கையை எடுக்கவில்லை.

கையில் கொஞ்சம் காசோடு ஊரில் சின்ன டிராக்டர் வாங்க நினைக்கிறவர்களுக்கு அவர் சொல்வதெல்லாம் சுருக்கம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் ஒலி முகம்மதுக்கு அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “மீட்டரைப் பாக்காத தம்பி, அதைத் திருப்பி வெச்சிருப்பான். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாரு, அது பொய் சொல்லாது. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா கிட்டயே போகாத. எந்தக் கம்பெனி நல்ல கம்பெனின்னு என்னைக் கேக்காத. ஒங்க ஊர்ல எந்த வண்டிக்கு மெக்கானிக் சைக்கிள்ல வந்துருவானோ அதுதான் நல்ல கம்பெனி.” கடைசியில் ஒரு பரீட்சை: “கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, போயி ஒரு டீ குடி. வந்து பாக்கையில எறங்கி இருந்துச்சுன்னா வண்டி வேணாம்.” ஒலி முகம்மதின் மாமனார் டீ குடித்துவிட்டு வந்தார். கலப்பை இறங்கவில்லை. அந்த வண்டி இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒன்பது பேருக்கு வண்டி அமைத்துக் கொடுத்திருக்கிறார். தனக்கு மட்டும் அமையவில்லை. மூன்று வருடங்களில் முப்பத்தெட்டு வண்டிகளை வேண்டாமென்று தள்ளியிருக்கிறார். முதல் பத்தைத் தள்ளியதற்குக் காரணம் நியாயமானது: நீலப் புகை, எண்ணெய்க் கசிவு, ஆர்.சி. புத்தகத்தில் செத்துப்போனவர் பெயர். அப்புறம் காரணங்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஒரு வண்டியின் ஹாரன் பிடிக்கவில்லை. இன்னொன்றில் எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தாறாவதை விற்க வந்தவரைப் பற்றி, “ரொம்ப நல்லவனா இருக்கான் சார், எதுக்கு?” என்றார்.

இதில் அலைந்ததெல்லாம் அவர் மனைவி சரசு. பேருந்து பிடித்து ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், திருமங்கலம் என்று போய், ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். இரண்டரை ஏக்கர் கொய்யாத் தோப்பையும் அவர்தான் பார்க்கிறார். வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர் வரிசைக்குள் நுழைந்தால் கிளைகளை ஒடித்துவிட்டுத்தான் வெளியே வரும். சின்ன வண்டி பக்கத்து ஊரில் ஒன்றே ஒன்று உண்டு. மழை பெய்தால் ஊரே அதற்கு வரிசை கட்டும். “ஈரம் நம்ம முறை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?” என்று சரசு ஒருநாள் கேட்டது ஒயரைத் தாண்டி எனக்கே கேட்டது.

வண்டி அமைந்தால் மறுமாதமே ஊருக்கு வந்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். நிலம் வாங்கியதும் வருவதாக அதற்கு முன்னால் சொன்னார். பிறகு கிணற்றை ஆழப்படுத்தியதும். மிச்சம் இருந்தது வண்டிதான்.

எனக்கு ஒருநாள் கோபமே வந்துவிட்டது. ஊருக்குப் போக விருப்பமில்லையென்றால் சொல்லிவிட வேண்டியதுதானே, அந்த அம்மாவை எதற்கு ஊர் ஊராக அலையவிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கைப்பிடிச் சுவரில் இருந்த காரையைச் சுரண்டினார். “இங்க வண்டி நின்னா கம்பெனிக்குப் போன் போடுவேன் சார். அங்க நின்னா எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. பன்னெண்டு வருசம் சிங்கப்பூர்ல இருந்து இதைத்தான் வாங்குனியான்னு” என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

போன ஞாயிறு அவருடைய சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. மேலும் இரண்டு ஆண்டு வேலையில் தொடரச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும் தாள். “மண்டேக்குள்ள குடுத்துருங்க அண்ணே, ஆபீஸ்ல சேஸ் பண்றாங்க லா” என்று திலீப் அனுப்பிய குரல்பதிவை எனக்கும் போட்டுக் காட்டினார். அப்புறம் என்னிடம் பேனா கேட்டார். அவரிடம் என்றைக்கும் பேனா இருக்காது. சிங்கப்பூரில் அவர் எழுதுவது இரண்டு வருடத்துக்கு ஒரு கையெழுத்துதான். தாளைச் சுவர்மேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றியபோது சரசுவின் அழைப்பு வந்தது.

பேனாவோடு கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு காதில் ஒயரை மாட்டப் பார்த்தார், பின்னிக்கொண்டது. விட்டுவிட்டார். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது. திரையில் கொய்யா மரங்கள், நடுவில் சிவப்பாக ஒரு குட்டி டிராக்டர்.

“எங்க நிக்கிற? இது யாரு தோப்பு?”

“நம்ம தோப்புதான். நேத்து சாயங்காலம் வந்துருச்சு. வாங்கிட்டேன்.”

அழகர்சாமியின் வாய் திறந்தது. பழக்கம் முந்திக்கொண்டது. “பெடல் ரப்பர்?”

“பாதிதான் தேஞ்சிருக்கு. புதுப் பெயின்ட் இல்ல. நம்ம மெக்கானிக் கூடவே வந்து பாத்தாரு. மூணரை லட்சத்துக்குள்ள முடிஞ்சுது. ஆர்.சி. எம் பேருக்கு மாத்த எழுதிக் குடுத்தாச்சு.”

“கலப்பையைத் தூக்கி வெச்சிட்டு டீ…”

“டீ குடிக்கல. கறிச் சாப்பாடே சாப்ட்டு வந்தேன். எறங்கல.” திரையில் சரசுவின் கை தெரிந்தது. புறங்கையைத் திருப்பிப் பானட்டின் மேல் வைத்தார். “சில்லுன்னு இருக்கு. கேட்டுக்குங்க.”

முதல் திருகலிலேயே வண்டி எடுத்துக்கொண்டது. எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அது நல்ல சத்தம் என்று தெரிந்தது. அழகர்சாமி கண்ணை மூடினார்.

“கறுப்பா புகை வருதே.”

“எடுத்தவுடனே கொஞ்சம் வரும்னு நீங்கதான சொன்னீங்க. இந்தா, நின்னுருச்சு.”

நின்றுதான் போயிருந்தது. அவர் கண்ணைத் திறந்து திரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. “சீட்டு கிழிஞ்சிருக்கு.”

“ஒக்காரப் போறது நீங்கதான? வந்து தைச்சுக்குங்க” என்றார் சரசு.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிடட்டுமா என்று சரசு கேட்டார். “வேணாம், ஓடட்டும்” என்றார் அழகர்சாமி. எனக்குப் பின்னால் யாரோ காரை எடுத்தார்கள். இந்த முறை அவர் அதட்டவில்லை. தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.