பூட்டிய டயல்

பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்தால், எதை மாற்றவும் தாளாளரின் பாஸ்வேர்டு வேண்டுமாம். பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பங்களை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். போனில் கேட்டேன்.

"பாஸ்வேர்டெல்லாம் சொல்ற விஷயமா? நானே வாரேன், இருங்க."

புதையலைக் காக்கும் பூதம் என்ற நினைப்பு அவருக்கு. எரிச்சலில் மவுசைத் தட்டிக்கொண்டே இருந்தேன். டக், டக், டக்.

அது பெரியம்மாவின் சத்தம். திண்டுக்கல் வீட்டில் பெரியப்பா, டெலிபோன் டயலைச் சுழற்ற முடியாதபடி ஒரு குட்டிப் பூட்டு போட்டிருப்பார். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

"ஒன் தங்கச்சிகிட்ட என்ன அம்புட்டுப் பேச்சு?" என்று பெரியம்மாவை அதட்டிவிட்டுத் தோல் மண்டிக்குக் கிளம்புவார். அந்தத் தங்கை நாகல்நகரில் நிறைமாதமாக இருந்தாள். மனிதர் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா ரிசீவரை எடுத்து, அது உட்காரும் பொத்தானை, மூன்றுக்கு மூன்று தட்டு, ஐந்துக்கு ஐந்து தட்டு என்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவாள். டயலைத் தொடாமலே அங்கே மணி அடிக்கும்.

"வலி வந்துருச்சாடி?" என்பாள்.

சாயங்காலம் பெரியப்பா பூட்டை இழுத்துப் பார்த்துப் பூரிப்பார். "நம்மூருப் பூட்டுன்னா சும்மாவா?"

என் செல்போனை ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் நெட்டிலேயே எல்லாவற்றையும் அனுப்பி முடித்தேன். அதற்குப் பிறகு வந்த தாளாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? செட்டிங்ஸ யாரையும் தொட விடல. அதான் நெட்டு தானா வந்துருச்சு."

"உங்க பாஸ்வேர்டுன்னா சும்மாவா சார்?" என்றேன்.